கொடுத்தவர் பெயர்

சேசு மரி சூசை
பாலக்கரை,
12-6-1988

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் என்று தொடங்குவது வழக்கம். இங்கே நலமும் இல்லை, நலக்கேடும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு மணல்திட்டில் நானும் அம்மாவும் உட்கார்ந்திருக்கிறோம். உன் நலம் அறிய ஆவலா என்று கேட்டால், பாதி ஆவல், பாதி அவல். அவ்வளவுதான் வாயில் வருகிறது.

ஒரு காவிரி, ஒரு பாலம், ஒண்ணாம் நம்பர் பஸ். இதற்குப் போய்த் தபால்காரரைத் தொந்தரவு செய்கிறாளே என்று நினைப்பாய். அப்பாவுடைய முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், அம்மா என்னை அவர் போட்டோவுக்கு முன்னால் நிறுத்தி, “சகாயத்தோட பேசமாட்டேன்னு சொல்லு”ன்னாங்க. சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லச் சொல்லவில்லை. சத்தியத்தில் இருக்கிற ஓட்டை அம்மா விட்டது. அதில் நுழைகிற தலை மட்டும்தான் என்னுடையது.

செய்தி ஒன்று. எனக்கு வேலை கிடைத்துவிட்டது. அப்பா செத்ததற்காகக் கம்பெனி கொடுத்த வேலை. ‘கருணை அடிப்படையில்’ என்று ஆர்டரில் போட்டிருக்கிறார்கள். கருணைக்கிழங்கு மாதிரியே இருக்கிறது, தொண்டை அரிக்கிறது. நீயும் அப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்த அதே அரியமங்கலம் வார்ப்படக் கம்பெனி, அதே கம்ப்யூட்டர் அறை. வாசலில் ஈ.டி.பி. என்று போர்டு இன்னும் தொங்குகிறது. ஈ, டீ, பீடி மூன்றும் உள்ளே வரக்கூடாது என்று நான் அதற்கு விளக்கம் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததை வைத்துத்தான் அது நகைச்சுவை என்று எனக்குத் தெரிந்தது. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறேன் அண்ணா. கடித்தாலும் தெரியவில்லை.

அப்பா பெயரில்தான் மெஷினுக்குள் போகிறேன். எனக்கென்று ஒரு பெயர் உண்டாக்கித் தர ஆளில்லை. தெரிந்தவர்களில் ஒருவர் கல்லறையில், இன்னொருவர் ஸ்ரீரங்கத்தில். பாஸ்வேர்டை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அப்பா ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லித்தானே அடிப்பார், அறைக்கே மனப்பாடம்.

இனிமேல்தான் விஷயம். போன வாரம் ஸ்டோர்ஸ் சின்னையன் தன் டெர்மினலில் உட்கார்ந்து நட்டு போல்ட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நான் இங்கிருந்து அப்பா பெயரில் அவர் திரைக்கு ஒரு வரி அனுப்பினேன்: AMIRTHARAJ: TEA AACHA CHINNAIYAN? மனுஷன் செருப்பை விட்டுவிட்டு வாட்ச்மேன் மதுரைவீரன் கூண்டுவரைக்கும் ஓடினாராம். மறுநாள் அந்த டெர்மினலுக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார். எனக்கு நன்றாகத் திட்டு விழுந்தது. மேனேஜர் புதுசு, ரெங்கநாதன் என்று பெயர். பெயருக்கு நேர்மாறாக, படுக்கவே தெரியாத மனிதர். அவர் சொன்னார்: “செத்தவர் பேர் மெஷின்ல எதுக்கும்மா இன்னும்? புது மெஷினுக்கு மாத்துறப்ப அதை விட்டுடு.”

ஆமாம், புது மெஷின் வந்திருக்கிறது. அரியமங்கலத்தில் இல்லை, உன் ஊரில். அம்மா மண்டபம் ரோட்டில் கம்பெனி புது ஆபீஸ் கட்டியிருக்கிறது. காவிரியைத் தாண்டினால்தான் விருத்தி என்று முதலாளியின் ஜோசியர் சொன்னாராம். பழைய மெஷினில் இருக்கிற எல்லாப் பெயர்களையும், யார் எதைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம் என்ற உரிமைகளையும் அங்கே அப்படியே கொண்டு போய் வைக்க வேண்டும். அந்த வேலை என்னுடையது. ஜூலைக்குள் முடித்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மெட்ராஸிலிருந்து ஆள் வரும், கிழங்கைத் தூக்கி வெளியே போடுவார்கள்.

வேலையை விடு. எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். அப்பா பெயரையும் அங்கே கொண்டுபோக வேண்டும். மேனேஜர் கூடாது என்கிறார். எப்படிச் செய்வது, சொல்.

பதிலை ஆபீஸ் விலாசத்துக்கு எழுது. மதுரைவீரன் யாரிடமும் மூச்சுவிட மாட்டார்.

தங்கை,
ரோசரி


கீழ அடையவளஞ்சான் வீதி,
ஸ்ரீரங்கம்,
17-6-88

ரோசரிக்கு,

கடிதம் கிடைத்தது. வேலை கிடைத்ததில் சந்தோஷம். சின்னையனிடம் மன்னிப்புக் கேள். அவருக்கு ஏற்கெனவே இரத்தக் கொதிப்பு.

நீ கேட்டதைப் பற்றி. என்னிடம் ஏன் கேட்கிறாய்? இரண்டு வருஷத்துக்கு முன்பு நான் குழலியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு மறுநாள் வேலைக்கு வந்தேன். என் பெயரை அடித்தேன். அப்படி யாரும் இல்லை என்றது மெஷின். எதிரே அப்பா உட்கார்ந்திருந்தார். “என் மூஞ்சில முழிக்காதே” என்று மட்டும் சொன்னார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். ஆறு வருஷம் நான் எழுதிய அத்தனை வேலையும் அதற்குள்தான் இருந்தது. அவருக்கு ஒரு வரி அடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அந்த மெஷினில் என் பெயர் இல்லை. அவர் பெயரைப் பாலம் தாண்டிக் கொண்டுவர என்னைக் கூப்பிடுகிறாய்.

மேனேஜர் சொன்னபடி செய். விட்டுவிடு.

நான் இங்கே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் கம்ப்யூட்டர் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு மெஷினுக்கு எட்டுப் பையன்கள். காலையில் போகிறேன், மாலையில் வருகிறேன். குழலிக்குப் பள்ளிக்கூட வேலை நன்றாகப் போகிறது. உன்னை விசாரித்தாள்.

சகாயநாதன்


பாலக்கரை,
26-6-1988

கோபக்கார அண்ணாவுக்கு,

உன் கடிதத்தில் இருந்த சூட்டில் மதுரைவீரன் டீ போட்டிருக்கலாம். பரவாயில்லை. சூடாவது இருக்கிறதே உனக்கு.

மேனேஜர் சொன்னபடியே செய்து பார்த்தேன். பழைய மெஷினில் பெயர்களையும் உரிமைகளையும் ஒரு டேப்பில் இறக்கினேன். உரிமை ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு பெயர்: பெற்றவர், கொடுத்தவர். அமிர்தராஜ் என்ற பெயரை மட்டும் நீக்கினேன். டேப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஓர் அம்மாள், “தட்டு மாதிரி இருக்கே, என்ன பலகாரம்?” என்றாள். “எழுபது பேரும்மா, எல்லாரும் உள்ள சுருண்டிருக்காங்க” என்றேன். அந்தம்மா இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்ரீரங்கம் ஆபீஸில், மெஷினோடு வந்த நிர்வாகப் பெயரில் போய் டேப்பை ஏற்றினேன். பெயர்கள் எல்லாம் சமர்த்தாகப் போய் உட்கார்ந்தன. அடுத்தது உரிமைகள். ஒன்றன்பின் ஒன்றாக மறுத்தது. கொடுத்தவர் இல்லை, கொடுத்தவர் இல்லை, கொடுத்தவர் இல்லை. திரை முழுக்க அதுவேதான். சின்னையன் உள்ளே வரலாம், ஆனால் ஒரு நட்டைக்கூடப் பார்க்க முடியாது. சம்பளப் பிரிவு லூர்துராணி அக்கா உள்ளே வரலாம், வந்து சுவரைப் பார்க்கலாம். எழுபது பேரும் கல்யாண மண்டபத்துக்குள் போய்விட்டார்கள், யாருக்கும் இலை கிடையாது.

ரெங்கநாதன் சார் நின்றபடியே பார்த்தார். “இது என்னம்மா?” என்றார்.

“நீங்க சொன்னபடிதான் சார். அவரை விட்டுட்டேன்.”

“அவர் ஒருத்தர் இல்லைன்னா எல்லாருக்குமா போயிடும்?”

“வீட்லயும் அப்படித்தான் சார்.”

கெடு மட்டும் அதேதான் என்றார்.

திரும்பும்போது வழி தெரியாதவள் மாதிரி உன் தெருவழியாகப் போனேன். உங்கள் வீட்டு மாடியில் ஒரு நீலப் புடவை காய்ந்தது. குழலி அண்ணியுடையதுதானே? கூப்பிட்டால் பேச வேண்டியிருக்கும், சத்தியம். அதனால் புடவையைப் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வரவில்லை. பிறகு தூங்கிவிட்டேன்.

சரி, கேள்வி. ஏன் எல்லாமே விழுந்தது? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. நீ சொல்லிக்கொடுக்கிற எட்டுப் பையன்களோடு ஒன்பதாவதாக என்னை வைத்துக்கொள். ஃபீஸ் எல்லாம் தரமாட்டேன்.

ரோசரி


ஸ்ரீரங்கம்,
1-7-88

ரோசரிக்கு,

மாடியில் காய்ந்தது குழலி புடவைதான். நீ தெருவில் நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். கூப்பிடலாமா வேண்டாமா என்று கையில் கிளிப்போடு நின்றாளாம். அதற்குள் நீ போய்விட்டாய்.

உன் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கம்பெனியின் தகவல்கள் எல்லாம், ஸ்டாக், சம்பளம், வார்ப்புக் கணக்கு, அப்பா பெயரில் உண்டாக்கப்பட்டவை. அவர்தான் உரிமையாளர். அவர் சின்னையனுக்குப் பார்க்கும் உரிமை கொடுத்தார். சிலருக்கு, ‘நீ பார்க்கலாம், மற்றவர்களுக்கும் கொடுக்கலாம்’ என்று கொடுத்தார். அவர்கள் இன்னும் சிலருக்குக் கொடுத்தார்கள். இப்படி ஒருவர் கையைப் பிடித்து இன்னொருவர் நிற்கிறார். மேலே இருப்பவரை எடுத்தால், அவர் கொடுத்ததும் போகும், அவரிடம் வாங்கியவர்கள் கொடுத்ததும் போகும். மெஷின் யாருக்காகவும் வருத்தப்படாது.

என் பெயரை அவர் எடுத்தபோதும் இதுதான் நடந்தது. நான் பாதிப் பேருக்குக் கொடுத்திருந்தேன். எல்லாம் விழுந்தது. ஸ்டோர்ஸ் திறக்கவில்லை. லாரிகள் கேட்டில் நின்றன. அப்பாவுக்கு அது நடக்கும் என்று தெரியும். தெரிந்துதான் எடுத்தார். பிறகு உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் தன் பெயரில் திரும்பக் கொடுத்தாராம். லூர்துராணி அக்காதான் எனக்குச் சொன்னார்கள். ஆகவே இன்று எல்லாமே அவர் பெயரில் தொங்குகிறது. என் பெயரின் சுவடுகூட இருக்காது. தேடாதே.

பெயர்களைக் கொண்டுபோகும்போது ஒன்று கவனி. பாஸ்வேர்டுகள் மெஷினுக்குள் கலைத்துப்போட்ட எழுத்துகளாக இருக்கும். படிக்க முடியாது, படிக்கவும் வேண்டாம். கலைந்ததைக் கலைந்தபடியே புது மெஷினில் வை. அவரவர் பழைய பாஸ்வேர்டே அங்கேயும் திறக்கும். நீ யாரையும் கேட்டுக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

உரிமைகளை, கொடுக்கப்பட்ட வரிசையிலேயே ஏற்று. முதலில் கொடுத்தவர், பிறகு பெற்றவர்.

இனி அப்பா. மேனேஜர் பயப்படுவது அந்தப் பெயரில் யாராவது உள்ளே வந்து விளையாடுவதற்கு. (நீதான் விளையாடினாய்.) அதற்கு ஒரு வழி உண்டு. அவர் பெயரைக் கொண்டுபோ. அவருடைய உரிமைகளையும் கொண்டுபோ. எல்லாவற்றையும் அவர் பெயரில் கொடுத்து முடித்ததும், ‘உள்ளே வரலாம்’ என்ற உரிமையை மட்டும் அவரிடமிருந்து எடுத்துவிடு. பெயர் இருக்கும். எல்லாம் அவருடையதாகவே இருக்கும். அவர் மட்டும் வர முடியாது.

இதை எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று. வேறொன்றும் இல்லை.

சகாயநாதன்


சே. ம. சூ.
பாலக்கரை,
17-7-1988

அன்புள்ள வாத்தியார் அண்ணாவுக்கு,

ஒன்பதாவது பையன் பாஸ்.

நீ சொன்ன வரிசையில் ஏற்றினேன். ஒரு மறுப்பு இல்லை. அப்பா பெயரில் புது மெஷினுக்குள் போனேன், அவர் பழைய பாஸ்வேர்டுதான். பழக்கதோஷத்தில் நானும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தேன். திறந்தது. எல்லோருக்கும் கொடுத்தேன். கடைசியாக உள்ளே வரும் உரிமையை எடுக்கிற வரியை அடித்தேன். முடிந்தது என்றது மெஷின். யாருக்கோ கொடுத்தபோதும் அதே எழுத்தில்தான் முடிந்தது என்றது, இதற்கும் அதே. ஒரு மணியாவது அடிக்கலாம் இல்லையா?

ரெங்கநாதன் சார் திருப்தியாகி, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார். சின்னையனிடம் மன்னிப்புக் கேட்டேன். “சரி பாப்பா, போ. ஆனா ஒண்ணு சொல்றேன், டீ ஆச்சான்னு உங்கப்பா ஒரு நாளும் என்னைக் கேட்டதில்ல. அதான் பயந்துட்டேன்” என்றார்.

வேலை நிரந்தரம் ஆகிவிடும் போலிருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். “ம்” என்றார்கள். தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். நானும் “ம்” என்றேன். இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் மெய்யெழுத்து மட்டும்தான் புழங்குகிறது. உயிர் கிடையாது.

சரி, இதுவரை நல்ல செய்தி. இனி கேள்.

வெள்ளிக்கிழமை சின்னையன் மகள் கல்யாணத்துக்கு லீவு கேட்டார். அவர் இடத்தில் பாஸ்கரன் என்று ஒரு புதுப் பையன், பச்சைமலைப் பக்கத்துக்காரன். நல்ல பிள்ளை. “அவனுக்கு ஸ்டாக் பார்க்க வழி பண்ணும்மா” என்றார் மேனேஜர். கொடுக்கப் போனேன். ஸ்டாக் விஷயத்தில் அடுத்தவருக்குக் கொடுக்கும் உரிமை யாரிடமும் இல்லை, உரிமையாளரிடம்தான். உரிமையாளர் உள்ளே வர முடியாது. மெஷினைக் கேட்டால் கொடுத்தவர் பெயர் அமிர்தராஜ் என்கிறது. அமிர்தராஜைக் கேட்டால் வாசல் மூடியிருக்கிறது என்கிறது. பாஸ்கரன் இரண்டு நாளாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். பார்க்கிற எனக்கே கால் வலிக்கிறது.

எல்லாம் அவருடையது. யாருக்கும் புதிதாக ஒன்று கொடுக்க முடியவில்லை. யாரிடமிருந்தும் ஒன்றை எடுக்கவும் முடியவில்லை. சும்மா அப்படியே நிற்கிறது. எனக்கு எங்கள் வீடு ஞாபகம் வந்தது.

என்ன செய்யட்டும்?

ரோசரி


ஸ்ரீரங்கம்,
21-7-88

ரோசரிக்கு,

வழி இரண்டு. ஒன்று, நிர்வாகப் பெயரில் போய் அவருக்கு உள்ளே வரும் உரிமையைத் திரும்பக் கொடு, அவர் பெயரில் போய் பாஸ்கரனுக்குக் கொடு, மறுபடி மூடு. யார் வந்தாலும் இப்படித் திறந்து மூடிக்கொண்டே இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு, அதே நிர்வாகப் பெயரில் உனக்கென்று ஒரு பெயர் உண்டாக்கி, எல்லாவற்றையும் அதற்கு மாற்றிக்கொள். அத்தனை தகவல்களையும் உன் பெயரில் மறுபடி உண்டாக்கி, எழுபது பேருக்கும் நீ கொடுத்து, கடைசியில் அவர் பெயரை எடுத்துவிடு. அப்போது எதுவும் விழாது. ஏனென்றால் அதற்குள் எதுவும் அவர் பெயரில் இருக்காது.

எது என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு அந்த உரிமை இல்லை.

நீ நம் வீட்டைப் பற்றி எழுதியதால் ஒன்றைச் சொல்கிறேன். அடக்கத்தன்று நான் வந்திருந்தேன். கல்லறைத் தோட்டத்துக்கு உள்ளே வரை வந்தேன். பெட்டியில் கை வைக்கப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். “அவர் சொன்னது சொன்னதுதான்” என்றார்கள். சத்தம்கூடப் போடவில்லை. நான் வெளியே வந்து சுவருக்கு அந்தப் பக்கம் நின்றேன். மண் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு எனக்கும் எதுவும் கேட்பதில்லை, உன் கன்னம் மாதிரிதான். பாடம் நடத்துகிறேன், பையன்கள் தலையாட்டுகிறார்கள், என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரிவதில்லை.

உயிரோடு இருக்கிறவரிடம் சண்டை போடலாம், ரோசரி. அவரிடம் நான் என்ன போடுவது?

சகாயநாதன்


சே. ம. சூ.
பாலக்கரை,
31-7-1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

இரண்டாவது வழிதான் செய்தேன்.

முதல் வழியை ஒரு தடவை செய்து பார்த்தேன், பாஸ்கரனுக்காக. அப்பாவைத் திறந்தேன், கொடுத்தேன், மூடினேன். இன்னும் எத்தனை தடவை அவரை நானே வெளியே தள்ள வேண்டும் என்று தோன்றியது. ரெங்கநாதன் சாரிடம் போய், “என் பேர்ல மாத்திக்கவா சார்?” என்றேன். “உனக்கு வயசு பதினெட்டும்மா” என்றார். “மெஷினுக்கு அதைவிடச் சின்ன வயசு சார்” என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, சரி என்று கையெழுத்துப் போட்டார்.

எழுபது பேருக்கும் நானே கொடுத்தேன். லூர்துராணி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து யாரும் விட்டுப்போகிறார்களா என்று பார்த்தார்கள். சின்னையனுக்குக் கொடுத்தபோது, வேண்டுமென்றே அடுத்தவருக்குக் கொடுக்கும் உரிமையும் சேர்த்துக் கொடுத்தேன். இனி அவர் லீவில் போனால் அவரே பார்த்துக்கொள்ளட்டும். அதன்பிறகு அப்பா பெயரை எடுத்தேன். ஒரே வரிதான். அப்பாவுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கேட்டாய் அல்லவா, இப்போது எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

எதுவும் விழவில்லை. லாரி போனது, சம்பளச் சீட்டு வந்தது, பாஸ்கரன் நட்டு எண்ணினான். அப்பா இல்லாமல் அது பாட்டுக்கு ஓடியது. அவரைப் பாலம் தாண்டிக் கொண்டுவர வேண்டும் என்று உன்னிடம் முதலில் கேட்டவள் நான்தான். கொண்டுவந்து, பிறகு நானே எடுத்துவிட்டேன். வருத்தமா என்று தொட்டுப் பார்த்தேன். இன்னும் மரத்துதான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். நாங்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல்கூட என் கைச்சரக்கு இல்லை.

“அப்பா பேர் புது மெஷின்ல இல்லம்மா. நாந்தான் எடுத்தேன்.”

அம்மா வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கத்தி நின்றது.

“அப்ப அவர் எல்லாருக்கும் குடுத்ததெல்லாம்?”

“என் பேர்ல குடுத்துட்டேன்.”

“ம்.”

வழக்கமான ‘ம்’தான். அதோடு விட்டிருக்கலாம். எனக்கு நாக்கில் சனி. சத்தியத்தில் ஓட்டை கண்டுபிடித்தவள் இல்லையா, இதிலும் ஒன்று கண்டுபிடித்தேன்.

“கொடுத்தவர் போனா, அவர் கொடுத்ததெல்லாம் போயிடணும்மா. அதான் மெஷின் சட்டம். அண்ணன் இந்த வாசப்படி ஏறக்கூடாதுன்னது அப்பா. அவரே இல்ல. அப்ப அந்தத் தடையும் விழுந்துருச்சுல்ல?”

நான் சாமர்த்தியமாகப் பேசிவிட்டேன் என்று நினைத்தேன் அண்ணா. உன்னிடம் வந்து சொல்லலாம் என்று மனசுக்குள் பஸ்கூட ஏறிவிட்டேன்.

“விழல,” என்றார்கள்.

“ஏன் விழல?”

“அது அவர் பேர்ல இல்லடி. என் பேர்ல இருக்கு.”

அம்மா கத்தியை வைத்துவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் பேசினார்கள். அப்பா செத்த பிறகு நான் கேட்ட நீளமான பேச்சு அதுதான்.

“கட்டிக்கப் போறேன்னு ஆபீஸ்ல உங்கப்பாகிட்ட சொன்னானா? சொன்னான். ஒரு மாசம் ரெண்டு பேரும் அந்த ஏ.சி. ரூம்ல உக்காந்து சண்ட போட்டாங்களா? போட்டாங்க. உனக்குத் தெரியுமா? தெரியும். எல்லாருக்கும் தெரியும். எனக்கு யாரு சொன்னா தெரியுமா? மீன்காரம்மா. ‘உங்க மகன் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மாலையோட நின்னுச்சே, கல்யாணச் சாப்பாடு எப்ப’ன்னு கேட்டா. நான் கையில சங்கரா மீன வச்சுக்கிட்டு நின்னேன். அந்தப் பொண்ணு எந்த சாமியக் கும்பிடுதுன்னு நான் கேட்டேனா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருந்தா, வேணாம்பேன், அழுவேன், அப்புறம் என்ன செஞ்சிருப்பேன்? அவன் எங்கிட்ட வேணாம்னு சொல்ற வாய்ப்பக்கூடக் குடுக்கல.”

“கல்லறையில ‘அவர் சொன்னது சொன்னதுதான்’னு சொன்னீங்களே?”

“சொன்னேன். என் பேர்ல சொல்ல வாய் வரல. அவர் தலையில போட்டேன்.”

பிறகு வாழைக்காயை நறுக்கத் தொடங்கினார்கள். அன்றைக்குப் பொரியலில் துண்டுகள் ஒன்று பெரிசு ஒன்று சிறுசு.

அண்ணா, எனக்கும் இதில் பங்கு உண்டு. நீ கட்டிக்கொள்ளப் போவது எனக்கு முன்பே தெரியும், அம்மாவிடம் சொல்லவில்லை. வேடிக்கையாக இருக்கும் என்று நினைத்தேன். அதை அம்மாவிடம் சொன்னேன். “உன் கணக்கு தனியா இருக்கு” என்றார்கள். அது எப்போது வரும் என்று தெரியவில்லை.

நாம் இரண்டு பேரும் இரண்டு வருஷமாகத் தப்பான பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ ஒரு செத்த மனிதரோடு சண்டை போட முடியாமல் சுவருக்கு வெளியே நிற்கிறாய். அவர் அங்கே இல்லை. சண்டை இங்கே, பாலக்கரையில், வாழைக்காய் நறுக்கிக்கொண்டு, உயிரோடு இருக்கிறது. இதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் இது நல்ல செய்தி என்று நினைக்கிறேன். உயிரோடு இருக்கிறவர் போட்டதை, உயிரோடு இருக்கிறவர் எடுக்கலாம் இல்லையா? எடுக்காமலும் போகலாம். கியாரண்டி தரமாட்டேன்.

கடைசியாக ஒன்று. தூங்கப்போகும் முன் நான் கேட்டேன்: “அவன் வந்தா திட்டுவீங்களா?”

“வரட்டும் மொதல்ல.”

“அண்ணியோட வந்தா?”

“வரட்டும்னு சொன்னேன்ல?”

எழுதிவிட்டேன். பேசவில்லை. சத்தியம் பத்திரமாக இருக்கிறது.

ரோசரி


ஸ்ரீரங்கம்,
4-8-88

அன்புள்ள ரோசரிக்கு,

உன் கடிதத்தைக் குழலியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “ஏன் உங்கம்மாகிட்ட சொல்லல?” என்று கேட்டாள். இரண்டு வருஷத்தில் அவள் அதைக் கேட்டதில்லை. சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அப்பாவிடம் சொன்னால் அம்மாவிடம் சொன்ன மாதிரி என்று நினைத்தேன் போலிருக்கிறது. நினைத்தேனா என்றுகூடத் தெரியவில்லை. அம்மாவைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, அவ்வளவுதான். அப்பாவோடு போட்ட சண்டையில் அவர்கள் இருப்பதே எனக்குத் தெரியவில்லை. அவரோடு போட முடியாமல் போன சண்டையிலும்.

அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று தாள் வீணாயிற்று. எழுதி அனுப்புகிற விஷயம் இல்லை இது. இதுவும் அவர்களிடம் நேரில் சொல்லாமல் போன இன்னொன்றாக ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிகிற நேரத்துக்கு நானும் குழலியும் பாலக்கரைக்கு வருகிறோம். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. நாங்கள் வருவது உன்மூலமாகத் தெரியட்டும், மீன்காரம்மா மூலமாக வேண்டாம்.

வந்து கதவைத் தட்டுவேன். சத்தம் கேட்டதும் நீதான் ஓடிவருவாய் என்று எனக்குத் தெரியும். ஓடிவராதே. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, உள்ளேயே உட்கார்ந்திரு. கதவை நீ திறக்கக்கூடாது.

சகாயம்